பழைய அடுக்குமாடி வீட்டின் உள்ளலங்காரம்

சென்னை நகரத்தில் 1970-களிலும் 1980-களிலும் எழுந்த அடுக்குமாடி வீடுகள், அவற்றை முதன்முதல் வாங்கியவர்களின் கையிலிருந்து அவர்களுடைய பிள்ளைகளுக்கோ, புதிதாக விலை கொடுத்து வாங்குகிறவர்களுக்கோ இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன. பெசன்ட் நகரிலும் அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் வீட்டு வசதி வாரியம் கட்டியவையாயினும், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பழைய தனி வீடுகள் நின்ற மனைகளில் தனியார் கட்டியவையாயினும், உள்ளே பிரவேசித்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு முகஜாடை ஒன்றாகவே இருக்கும்: மொசைக் தரை, கம்பி பதித்த மர ஜன்னல், கடப்பைக் கல் பலகை வைத்த சுவர் அலமாரி, கதவுக்கு மேலே ஓடும் சிமெண்டுப் பரண், வெளிறிப்போன டிஸ்டெம்பர் பூச்சு. இத்தகைய வீட்டைப் புதுப்பிக்க முனைகிறவர்கள் முதல் நாளே கேட்கும் கேள்வி, எதையெல்லாம் உடைத்தெறியலாம் என்பது. எதையெல்லாம் காப்பாற்றலாம் என்று கேட்டுத் தொடங்கியவர்களின் வீடுகளே பத்து வருஷம் கழித்தும் கண்ணுக்கு இதமாக இருக்கக் கண்டிருக்கிறேன். இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது கேள்வியின் வழியே செல்வது.

சாவி கைக்கு வந்தவுடன் கொத்தனாரை அழைக்க வேண்டாம். வெறும் வீட்டில், ஒரு நாற்காலி மட்டும் போட்டுக்கொண்டு, காலையிலும் நடுப்பகலிலும் அந்தியிலும் இரவிலும் சில நாட்கள் உட்கார்ந்து பாருங்கள். வெயில் எந்த ஜன்னல் வழியாக எத்தனை மணிக்கு உள்ளே வந்து எவ்வளவு தூரம் தரையில் ஊர்கிறது, காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது, எந்த அறையில் தெருவின் இரைச்சல் மிகுதி என்பவை எல்லாம் எந்த வரைபடத்திலும் கிடைக்காத விஷயங்கள். சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை சூரியன் உச்சிக்கு வடக்கே சஞ்சரிக்கிறது. ஆகையால் வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராது என்று நம்பிப் படுக்கையை அங்கே போட்டவர்கள், கத்திரி வெயில் காலத்தில்தான் தங்கள் பிழையை உணர்கிறார்கள். கோடையில் பிற்பகல் தொடக்கத்தில் எழும் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருவது; அந்தத் திசை ஜன்னலுக்கு எதிரே உயரமான அலமாரியை நிறுத்திவிட்டால், கடற்கரைக்கு அருகே குடியிருப்பதன் பிரதான சுகத்தை நாமே விலக்கிவிட்டவர்களாவோம். மேற்குச் சுவரோ பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில் அறைக்குள் திருப்பிக் கொடுக்கும். துணி அலமாரியை அந்தச் சுவரோரமாக, இரண்டு அங்குல இடைவெளி விட்டு நிறுத்தினால், அது வெப்பத்துக்கு ஒரு திரையாகவும் அமைந்துவிடும். கட்டில் வேறொரு சுவரை நோக்கிப் போகட்டும்.

காப்பாற்றத் தக்கவற்றுள் முதலில் நிற்பது மொசைக் தரை. சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து பதித்து, கெட்டியான பின் மிஷினால் தேய்த்து மெருகேற்றிய அந்தத் தரையைப் பழமையின் அடையாளமாக எண்ணி, அதன்மேல் பளபளக்கும் பெரிய டைல்களை ஒட்டிவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. நாற்பது வருஷத்து அழுக்கும் மெழுகும் படிந்து மங்கியிருக்கும் மொசைக்கை, முதலில் கரடான கல்லாலும் பின்னர் படிப்படியாக நைஸான கல்லாலும் தேய்த்து, ஆக்ஸாலிக் ஆசிட் இட்டு மெருகேற்றினால், அதனுள்ளே அடங்கிக் கிடந்த பச்சையும் கறுப்பும் பாலேட்டு வெண்மையும் மீண்டும் எழுந்து வருவதைப் பார்த்தவர் எவரும் அதை மூடச் சம்மதிக்க மாட்டார். அங்கங்கே உடைந்திருந்தால் அதே வர்ணச் சில்லு வாங்கி அந்த இடத்தை மட்டும் நிரப்பலாம். நிறம் இம்மியளவு மாறினாலும் பாதகமில்லை.

தரைக்குமேல் தரை போடுவதில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்தும் உண்டு. கலவையும் கல்லுமாக ஒவ்வொரு சென்டிமீட்டர் கனத்துக்கும் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 22 கிலோ பாரம் சேர்கிறது. 5 சென்டிமீட்டர் கனத்தில் 800 சதுர அடிக்குப் புதுத் தரை போட்டால் மொத்தம் சுமார் 8 டன் எடையை அந்தப் பழைய காங்கிரீட் தளத்தின்மேல் ஏற்றியதாகும். குடியிருப்பு வீட்டின் தளம் மனிதர், மேஜை நாற்காலி, பண்ட பாத்திரம் எல்லாவற்றுக்குமாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கும்படி கணக்கிடப்படுவது வழக்கம். அதில் பாதியைத் தரைக்கே கொடுத்துவிடுவது விவேகமன்று. தரை உயர்ந்தால் கதவுகளை அடியில் அறுக்க வேண்டும். பால்கனியின் தடுப்பு தாழ்ந்து, மழை நீர் கூடத்துக்குள் வரும். மொசைக்கைக் காப்பாற்றவே முடியாத நிலையென்றால் அதைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதுத் தரை போடுவதே முறை.

அடுத்து மரம். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் கதவு நிலைகளும் ஜன்னல் சட்டங்களும் தேக்கினால் ஆனவை. ஐந்தாறு முறை எனாமல் பூசப்பட்டு, மூலைகளெல்லாம் மழுங்கி, சாதாரண மரம்போல் தோன்றும் அவற்றின் ஓர் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும். நான் அறிந்த ஒரு குடும்பத்தார், பழைய நிலைகளைப் பழைய மரக்கடைக்குப் போட ஆள் பேசிவிட்டு, கடைசி நாளில் ஒன்றைச் சுரண்டிப் பார்த்து, உள்ளே தேன் நிறத் தேக்கு இருக்கக் கண்டு, அந்த ஆளைத் திருப்பி அனுப்பினார்கள்; இன்று அந்த வீட்டில் வருவோர் கண்ணைக் கவர்வது அந்த நிலைகள்தாம். சுரண்டும்போது ஜாக்கிரதை வேண்டும். பழைய எனாமலில் ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல்தான் பிறந்தது. ஆகவே உலர்ந்த நிலையில் உப்புத்தாளிட்டுத் தூசி கிளப்பாமல், நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும் அறைக்குள் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அனுமதிக்காதீர்கள். தேய்ப்பவருக்கு முகமூடி வாங்கிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

சுவரை இடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தூண்களும் பீம்களும் தாங்கும் கட்டடத்தில் நாலரை அங்குலக் குறுக்குச் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்பு. ஆனால் செங்கற்சுவரே பாரம் தாங்கும் பழைய கட்டடங்களில் ஒன்பது அங்குலச் சுவரில் கை வைப்பது மேல்மாடிக்காரரின் உயிரில் கை வைப்பதாகும். எது எந்த வகை என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்து எழுத்தில் கொடுக்க வேண்டும். மேஸ்திரியின் வாய்ச்சொல் போதாது. தூண், பீம், வெளிச்சுவர், மொட்டைமாடி ஆகியவை நம் கதவுக்கு உட்பட்ட உடைமை அல்ல, எல்லோருக்கும் பொதுவானவை. ஆகையால் குடியிருப்போர் சங்கத்தின் சம்மதத்தை முன்கூட்டியே பெறுவது சட்டத்துக்கும் நல்லது, சிநேகத்துக்கும் நல்லது. கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே உள்ள சுவரை அடியோடு எடுத்துவிடும் நாகரிகத்தை நான் ஆதரிப்பதில்லை. மிளகாய் தாளிக்கும் வீட்டில், பொரியலும் அப்பளமும் தினசரி எண்ணெயில் இறங்கும் வீட்டில், அந்தச் சுவர் செய்கிற காரியம் பெரிது. இடுப்புக்கு மேலே நாலடி அகலத்தில் ஒரு திறப்பு வெட்டி, அதற்கு மடக்குக் கதவு வைத்தால், பேச்சும் வெளிச்சமும் இரு பக்கமும் போகும். புகை எழும்போது சாத்திக்கொள்ளலாம்.

பொய்க்கூரை, அதாவது ஃபால்ஸ் சீலிங், புதுப்பிக்கும் வேலையில் அநேகமாக எல்லோரும் விரும்பிக் கேட்பது. அநேகமாக எல்லா வீட்டிலும் அநாவசியமானது. பத்தடி உயரமுள்ள அறையில் ஜிப்சம் பலகை ஆறிலிருந்து ஒன்பது அங்குலத்தைத் தின்றுவிடுகிறது. எஞ்சிய உயரத்தில் மின்விசிறி தலைக்குமேல் நெருங்கி வந்து அறையையே குறுக்கிவிடுகிறது. இதைவிடப் பெரிய தீமை, அது மேலே நடப்பதை மறைப்பது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று காங்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடம் கொள்வதால், உப்பி, அடிப்பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. எங்கள் உறவினர் ஒருவர் வீட்டில் இத்தகைய வெடிப்பை அழகான பொய்க்கூரை நான்கு வருஷம் மறைத்து வைத்திருந்தது. ஒரு மழைக்கால இரவில் காங்கிரீட் துண்டு ஒன்று பலகையைத் துளைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையின்மேல் விழுந்தது. அப்போது யாரும் அங்கே அமர்ந்திருக்கவில்லை என்பது தெய்வச் செயல். கூரையில் வெடிப்போ துருக்கறையோ தென்பட்டால், தளர்ந்த பூச்சைத் தட்டி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூசி, அதற்கென்று உள்ள கலவையால் மூடிய பிறகே வர்ணத்தைப் பற்றி நினைக்க வேண்டும். நன்றாகச் சமன்படுத்தி வெள்ளையடித்த வெறும் கூரையைவிட உயர்ந்த அலங்காரம் கூரைக்குக் கிடையாது.

குளியலறையில் செலவு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஆக வேண்டும். பழைய ஜி.ஐ. குழாய்கள் உள்ளே துருவேறிப் பாதி அடைத்துக்கொண்டிருக்கும். அவற்றை முழுவதும் எடுத்துவிட்டு சி.பி.வி.சி. குழாய் இடுங்கள். தரையைக் கொத்தியபின், டைல் ஒட்டுவதற்கு முன்பு, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைத் தரையிலும் சுவரில் ஓரடி உயரத்துக்கும், குளிக்கும் இடத்தில் ஆளுயரத்துக்கும் பூசி, நானி டிராப்பை அடைத்து, தண்ணீர் கட்டி 48 மணி நேரம் நிறுத்தி வையுங்கள். கீழ்வீட்டாரிடம் சொல்லி அவர்களுடைய கூரையைக் காலையும் மாலையும் நீங்களே போய்ப் பாருங்கள். இந்த ஒரு பரீட்சையைச் செய்யாமல் இத்தாலிய சலவைக்கல் பதித்த குளியலறைகளை, இரண்டு வருஷத்தில் உடைக்க நேர்ந்திருக்கிறது. தரைச் சரிவு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இருக்கட்டும். மின்சார வேலையையும் இதே கண்டிப்போடு செய்ய வேண்டும்: விளக்குக்கு 1.5, சாதாரண பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி. எர்த் கம்பி இல்லாத பிளக் ஒன்றுகூட வேண்டாம். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. நிச்சயம் வேண்டும்.

சமையலறைக்கு வருவோம், இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் வீட்டில் ஒருவர் நாளில் மிகுந்த நேரம் நிற்பது இங்கேதான். மேடையின் உயரத்தை விற்பனைக்காரரின் அட்டவணை தீர்மானிக்கக் கூடாது. சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கட்டும். அந்த முழங்கைக்கு நாலு அங்குலம் தாழ்வான இடமே மேடையின் மட்டம். நம் நாட்டுப் பெண்களுக்கு இது பெரும்பாலும் 32 அங்குலத்திலிருந்து 34 அங்குலத்துக்குள் வரும். வீட்டில் சமைப்பவர் உயரமான ஆடவராயின் இன்னும் கூடும். சப்பாத்தி தேய்க்கவும் கிரைண்டரை வைக்கவும் ஓரிடத்தை மூன்றங்குலம் தாழ்த்திக் கொடுத்தால் தோள் வலி குறையும். மாவரைத்த பாத்திரத்தைத் தூக்குவதும் எளிது. மேடைக் கல்லாகச் சலவைக்கல் வேண்டாம். அது சுண்ணாம்புச் சத்தால் ஆன கல். புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் பட்ட இடமெல்லாம் அரிக்கப்பட்டு மெருகிழந்துவிடும். கறுப்பு கிரானைட்டுக்கு அந்தப் பயமில்லை.

மேடைக்கு அடியில் இப்போது எல்லோரும் மரப்பெட்டிகளைச் செய்து பொருத்துகிறார்கள். மரத்தூள் பலகையில் செய்தவை ஒரு முறை சிங்க் கசிந்தால் ஊறி உப்பிவிடும். பிளைவுட்டே வேண்டுமானால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ளதை, நாலு அங்குலக் கால்மேல் நிறுத்தி வாங்குங்கள். ஆனால் நான் சிபாரிசு செய்வது, ஏற்கெனவே இருக்கும் கடப்பைக் கல் தட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு முன்புறத்துக்கு மட்டும் நல்ல மரக்கதவு போடுவது. கடப்பைக் கல்லைக் கரையான் அரிக்காது, தண்ணீர் ஒன்றும் செய்யாது, பித்தளைக் குடத்தின் பாரத்துக்கும் வளையாது. சிம்னி வைப்பதானால் அதன் குழாய் குறைந்த வளைவுகளோடு நேரே வெளிச்சுவருக்குப் போக வேண்டும். புகையை உள்ளேயே சுற்றவிடும் வகை நம் சமையலுக்கு ஏற்றதன்று.

வெளிச்சத்தைப் பற்றி நம் வீடுகளில் இன்னும் போதிய சிந்தனை பிறக்கவில்லை. கூடத்தின் நடுவே ஒரு வெள்ளைக் குழல் விளக்கு, எல்லோர் முகத்தையும் சுவர் மூலையையும் ஒரே மாதிரி வெளிறச் செய்துகொண்டு எரிவதே வழக்கமாயிருக்கிறது. எல்.இ.டி. விளக்குப் பெட்டியின்மேல் கெல்வின் என்ற அளவு அச்சிட்டிருக்கும். 6500 என்பது நீலம் பாய்ந்த வெண்மை, 2700-லிருந்து 3000 வரை உள்ளது அகல் விளக்கின் பொன்னிறத்துக்கு அருகில் நிற்பது. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் பின்னதையும், சமையல் மேடைக்குச் சுமார் 4000 உள்ளதையும் வாங்கலாம். சி.ஆர்.ஐ. என்ற எண் 90-க்குக் குறையாதிருந்தால் பட்டுப் புடவையின் அரக்கும் மாம்பழ மஞ்சளும் உள்ளபடி தெரியும். ஒரே பெரிய விளக்குக்குப் பதிலாக, படிக்கும் நாற்காலியின் அருகே ஒன்று, சித்திரம் தொங்கும் சுவரை நோக்கி ஒன்று, மூலையில் தாழ்வாக ஒன்று என்று நாலைந்து சிறு விளக்குகளை வைத்தால், அறைக்கு ஆழம் பிறக்கிறது. இருளுக்கும் ஓரிடம் கொடுத்தால்தான் ஒளி அழகாகத் தோன்றும். இந்த நாலைந்தும் எங்கே என்பதைச் சுவரைக் கொத்துவதற்கு முன்பே, நாற்காலியும் கட்டிலும் நிற்கும் இடத்தைத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

வர்ணத்தில் வெள்ளையைக் கண்டு அஞ்ச வேண்டாம். கொழும்பில் 33-ஆவது லேனில் உள்ள கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் இல்லம் இந்த விஷயத்தில் ஒரு சிறந்த பாடம். 1958-இல் அங்கிருந்த நான்கு சிறு வீடுகளுள் ஒன்றில் குடியேறி, அடுத்த பத்தாண்டுகளில் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்ட அவர், அந்த நெருக்கமான நகரத்து இடத்தை வெள்ளைச் சுவராலும், கூரை திறந்து வெளிச்சம் இறங்கும் சிறு முற்றங்களாலும், பழைய வீடுகளிலிருந்து கிடைத்த தூண்களாலும் கதவுகளாலும் ஓர் அமைதியான உலகமாக்கினார். அங்கே செட்டிநாட்டுத் தூண்களும் நிற்கின்றன. வெள்ளைச் சுவரின்முன் ஒரு பழைய பொருள் தனித்து நிற்கும்போது, அதன் வயதும் வடிவும் கண்ணுக்குப் புலனாகின்றன. பத்துப் பொருள்களின் நெரிசலில் அதே பொருள் காணாமற்போய்விடுகிறது. நீலம் கலந்த வெண்மை நம் வெயிலில் கூசும். சற்றே மஞ்சளோடிய சுண்ணாம்பு வெண்மையே உகந்தது. ஒரு சுவருக்கு மட்டும் அடர்ந்த வர்ணம் பூசும் வழக்கத்தைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள்.

சாமான்களில் சிக்கனம் வேண்டும், தரத்தில் வேண்டாம். தாத்தாவின் சாய்வு நாற்காலிக்குப் புதுப் பிரம்பு பின்னச் செய்தால், அது எந்தப் புது சோபாவுக்கும் பக்கத்தில் கௌரவமாக நிற்கும். பவானி ஜமக்காளத்தின் பட்டை வர்ணங்களும், பத்தமடைக் கோரைப்பாயின் மென்மையும் மொசைக் தரைக்கு இயல்பாகப் பொருந்துபவை. காரைக்குடிக்கு அருகே ஆத்தங்குடியில், கண்ணாடித் தகட்டின்மேல் வர்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்யும் கற்களுக்கு ஆசைப்படுகிறவர்கள் வீடு முழுவதும் பதிக்காமல், வாசல் நடையிலோ பால்கனியிலோ ஒரு சிறு பரப்பில் பதித்தால், அவற்றின் பூவேலை கம்பளம் விரித்தாற்போல் விளங்கும். ஆனால் ஆசிட் ஊற்றி அவற்றைக் கழுவலாகாது. ஊஞ்சல் மாட்டுவதானால் கொக்கியைப் பீமிலிருந்து இறக்க வேண்டும். பழைய தளத்தில் துளையிட்டு மாட்டிய ஊஞ்சலில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். பால்கனியைக் கண்ணாடியிட்டு அறையாக்கிக்கொள்ளும் ஆசையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். அடுக்குமாடியில் வாழ்கிறவருக்கு வானத்தின் கீழே மிஞ்சியிருக்கும் நாலடி அதுதான். ஒரு துளசி மாடமும் இரண்டு மல்லிகைத் தொட்டியும் அங்கேதான் பிழைக்கும்.

கடைசியாக ஒன்று. குழாயும் மின்கம்பியும் சுவருக்குள் போய், பூச்சு மூடுவதற்கு முந்திய நாள், ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவோடு சேர்த்துப் புகைப்படம் எடுங்கள். அவற்றை அச்சிட்டு, எந்த வால்வு எந்தக் குழாயை அடைக்கும், எந்த எம்.சி.பி. எந்த அறைக்குரியது என்ற விவரத்தோடு ஓர் உறையிலிட்டு, மீட்டர் பெட்டிக்கு அருகிலுள்ள அலமாரிக் கதவின் உட்புறத்தில் வையுங்கள். படம் மாட்ட ஆணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அது உங்களுக்குப் பயன்படும்; உங்களுக்குப் பிறகு அந்த வீட்டைப் புதுப்பிக்க வருகிறவருக்கும் அது வேண்டியிருக்கும்.